ஓர்க்கோலையும் துருவக் கடலும்

ஒரு நாட்டின் செல்வத்தைக் கணக்கிடப் புகுந்த நம் முன்னோர், அது பிறக்கும் இடத்தைக் கொண்டு அதனை வகைப்படுத்தினர். மலையிற் பிறப்பவை அகில், மிளகு, கோட்டம், தக்கோலம், குங்குமம் என ஐந்து. கடலிற் பிறப்பவை ஓர்க்கோலை, சங்கம், பவளம், முத்து, உப்பு என ஐந்து. பழைய உரையாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கணக்கு இது. கடல் தந்த ஐந்தனுள் நான்கை அறியாதார் இலர். ஓர்க்கோலை ஒன்றே இன்று பெயரளவிலும் மறைந்து போயிற்று. மீனம்பர் என்றும், வணிகர் வாயில் வெறும் அம்பர் என்றும் வழங்குவது அதுவே.

மறைந்த பெயர் என்றேன், பொருள் மறையவில்லை. 2021-ஆம் ஆண்டு திருச்சூர் மாவட்டத்துக் கடற்கரையூராகிய சேற்றுவாயில் கேரள வனத்துறையினர் பல கிலோ எடையுள்ள அம்பரைக் கைப்பற்றினர். அதே ஆண்டு, கடல் மட்டத்திற்கு ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள மூணாற்றிலும் அம்பருடன் சிலர் பிடிபட்டனர். தேயிலையும் ஏலமும் விளையும் மலைமேல், அலை எறியும் ஓசையையே கேளாத ஊரில், வனத்துறையினர் திமிங்கிலத்தின் பொருட்டு வழக்குத் தொடுக்க நேர்ந்தது. புலியும் யானையும் வரையாடும் தங்கள் பொறுப்பு என்று அவர்கள் அறிவர். திமிங்கிலமும் அப்பட்டியலில் உண்டு என்பதைப் பொதுமக்களிற் பலர் அன்றுதான் அறிந்தனர்.

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும், பாலக்காட்டுக் கணவாயை அடுத்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் தமிழ் வழங்கும் நேயர்களுக்குத் துருவக் கடல் திமிங்கிலங்களைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். பனிக்கட்டி மிதக்கும் கடல் எங்கே, மிளகுக் கொடி படரும் மலை எங்கே? ஆயினும் துருவத்தில் நடந்த வேட்டைக்கும் நம் மலைநாட்டுக்கும் இடையே பண்டங்களாலும் சட்டங்களாலும் உயிர்களின் இயல்பாலும் அமைந்த தொடர்பு உண்டு. அத்தொடர்பின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

ஓர்க்கோலை எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கடலில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கும் சாம்பல் நிறக் கட்டி அது, கையிற் பட்டால் மெழுகு போலிருக்கும், நெருப்பிலிட்டால் எரியும், புதிதாயின் நாற்றம், பழையதாயின் நறுமணம். கடலடியில் ஊறும் பிசின் என்றனர் சிலர். பறவையின் எச்சம் என்றனர் சிலர். கடல் நுரை இறுகியது என்றனர் வேறு சிலர். அரபு வணிகர் அதனை இந்துமாக்கடல் துறைகளிலெல்லாம் தேடி வாங்கினர். வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, சொக்கோத்திராத் தீவினர் அம்பர் சேர்த்து விற்பதைக் குறித்துச் சென்றார். 1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கிய பிரெஞ்சுக்காரர் பிரார் த லாவால், அங்கே கரையில் ஒதுங்கும் அம்பர் முழுவதும் அரசனுக்கே உரியது என்றும், கண்டெடுத்தவன் மறைத்தால் கடுந்தண்டனை என்றும் எழுதினார். கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அச்சிட்ட தம் மருந்து நூலில் அம்பருக்கெனவே ஓர் உரையாடலை ஒதுக்கினார். இறுதியில் 1783-இல், இலண்டன் அரச கழகத்தின் முன் சுவேதியவர் என்னும் மருத்துவரின் கட்டுரை வாசிக்கப்பட்டது. அம்பர் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது என்றும், அதனுள்ளே காணப்படும் கருநிறத் துண்டுகள் அத்திமிங்கிலம் உண்ட கணவாய் மீன்களின் அலகுகள் என்றும் அக்கட்டுரை விளக்கியது. செரியாத அலகுகள் குடலை உறுத்த, அவற்றைச் சுற்றித் திரண்டு வளர்வதே அம்பர். எல்லாத் திமிங்கிலங்களிடமும் அது இல்லை. நூற்றில் ஒன்றிரண்டின் வயிற்றில் இருந்தாலே மிகுதி.

அம்பரைத் தரும் இனத்தை ஆங்கிலேயர் ஸ்பெர்ம் திமிங்கிலம் என்பர்; நாம் அம்பர்த் திமிங்கிலம் என்றே அழைப்போம். உடலில் மூன்றில் ஒரு பங்கு தலை. அத்தலைக்குள் டன் கணக்கில் மெழுகெண்ணெய் நிறைந்திருக்கிறது. ஆண் ஐம்பது அடிக்கு மேலும் வளரும். பெண் ஏறத்தாழ முப்பத்தைந்து அடி. மூச்சை அடக்கிக்கொண்டு அரைக்கல், முக்கால் கல் ஆழத்திற்குச் சென்று இருளிற் கணவாய் பிடிக்கும். தலையிலுள்ள மெழுகினால் செய்த திரி புகையின்றி எரிந்தது. ஆதலின் 1860-இல் இங்கிலாந்து விளக்கொளியை அளப்பதற்கு ஓர் அலகை வகுத்தபோது, அம்மெழுகுத் திரியின் சுடரையே அளவுகோலாகக் கொண்டது. இத்தனை திரி ஒளி என்று விளக்கை அளந்த வழக்கு அங்கிருந்தே வந்தது.

இத்திமிங்கிலத்தின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்த கடல் நூலார் பலரும் அதற்கு ஒப்பாகக் காட்டுவது நம் யானையை. பெரியாற்றிலும் பரம்பிக்குளத்திலும் யானைக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தாயும் மகளும் பேர்த்தியும் சிற்றன்னையரும் சேர்ந்து ஒரு கூட்டம். மூத்த பெண்களே துணையும் வழியும். தாய் ஆழத்தில் இரை தேடும்போது கன்றைப் பிற பெண்கள் சூழ்ந்து காக்கும். ஆண் கன்று பருவம் எய்தியதும் கூட்டத்தை விட்டு நீங்கும். காட்டில் ஒற்றைக் களிறு திரிவதைப் போலக் கடலில் இவ்வாண்கள் திரியும். வேறுபாடு தொலைவில் மட்டுமே. பெண்களும் கன்றுகளும் வெப்பக் கடலை விட்டு அகலா; இலங்கையைச் சூழ்ந்த கடலும் அரபிக்கடலும் அவற்றின் இல்லம். வளர்ந்த ஆண்களோ தெற்கு நோக்கி ஆயிரக்கணக்கான கல் கடந்து, அண்டார்க்டிகத்தின் பனி விளிம்பு வரை சென்று கொழுத்து, இனம் பெருக்கும் பொருட்டே வெப்பக் கடலுக்கு மீளும்.

ஆதலின் துருவக் கடலில் எறியீட்டிக்கு இரையான அம்பர்த் திமிங்கிலங்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களே. பனிக்கடலில் ஆணைக் கொன்றவன், வெப்பக் கடலிலுள்ள குடும்பங்களுக்கு வரவேண்டியதைத் தடுத்தான். இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்கு இடுக்கி மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஆசிய யானையில் தந்தம் களிற்றுக்கு மட்டுமே. தந்தத்தின் பொருட்டுக் களிறுகளையே தேடிக் கொன்றதன் பயனாக, 1980-களின் இறுதியில் பெரியாற்றுக் காட்டில் வளர்ந்த களிறு ஒன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பிடிகள் என்னும் நிலை ஏற்பட்டது. காட்டைப் பார்த்தால் யானை நிறைய, கன்றோ அரிது. பசிபிக் கடலின் கிழக்குப் பகுதியில் அம்பர்த் திமிங்கிலங்களை எண்ணிய ஆய்வாளர்களும் இதே நிலையைக் கண்டனர்: பெண்கள் உண்டு, துணையாகும் பெரிய ஆண்கள் அரியர், கன்றுகளும் அரியன.

துருவ வேட்டையின் கதை வடக்கிலேதான் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஸ்பிட்ஸ்பர்கன் தீவுகளுக்குக் கப்பல் விட்டனர். அங்கே மெதுவாக நீந்துவதும், இறந்த பின்னும் மிதப்பதுமான வில்தலைத் திமிங்கிலம் விரிகுடாக்களில் நிறைந்திருந்தது. ஒல்லாந்தர் கரையிலே கொப்பரைகளை ஏற்றிக் கொழுப்பை உருக்கினர். அவ்விடத்திற்கு அவர்கள் வைத்த பெயருக்குக் கொழுப்பூர் என்றே பொருள். எண்ணெய் விளக்குக்கும் சோப்புக்கும் போயிற்று. வாயிலுள்ள சல்லடைத் தகடுகள் ஐரோப்பியச் சீமாட்டியரின் இடைக் கச்சைக்கும் குடைக் கம்பிக்கும் போயின. அரை நூற்றாண்டுக்குள் விரிகுடாக்கள் வெறுமையாயின; கொழுப்பூர் பாழாயிற்று. வேட்டைக்காரர் திருந்தவில்லை, வேறு கடலுக்குச் சென்றனர். பின் வந்த முந்நூறு ஆண்டுகளும் இச்செயலையே திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஓரிடத்தை ஒழித்தல், அடுத்த இடத்திற்கு நகர்தல். மரம் வெட்டி மலையை மொட்டையாக்கிய குத்தகைக்காரர்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்தனர். மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கில விளக்கு அணைந்தது. இத்துடன் வேட்டை ஓய்ந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவ்வாறு ஆகவில்லை. நார்வே நாட்டு ஸ்வென் பொயின் நீராவிப் படகின் முனையில் ஒரு பீரங்கியைப் பொருத்தினார். அது எறியும் ஈட்டியின் தலையில் வெடிகுண்டு இருந்தது. 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாய்மரப் படகுக்கு எட்டாமல் விரைந்தோடிய நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் அன்றிலிருந்து எட்டும் பொருளாயின. அவை இறந்தால் மூழ்கும். காற்றை ஏற்றி மிதக்கவிடும் உபாயமும் வந்தது. 1904-இல் லார்சன் என்னும் நார்வே மாலுமி, தென் அத்திலாந்திக்கில் தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரித்விக்கன் துறையில் முதல் நிலையத்தை நிறுவினார். தென் துருவக் கடல் திறந்தது.

விளக்குப் போன பிறகு எண்ணெய் யாருக்கு? இவ்விடத்தில்தான் மலையாளக் கரையின் தென்னையும் கதைக்குள் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீர்ம எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதனைக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை கைவந்தது. நம் நாட்டில் பின்னர் வனஸ்பதி செய்யப் பயன்பட்டதும் இம்முறையே. மீன் நாற்றம் வீசிய திமிங்கில எண்ணெய் அதனால் நாற்றமும் நிறமும் நீங்கி, ஏழைகளின் வெண்ணெயாகிய மார்கரினுக்கும் சோப்புக்கும் ஏற்றதாயிற்று. ஐரோப்பிய ஆலைகளுக்குக் கொப்பரைத் தேங்காய், நிலக்கடலை, பனை எண்ணெய், திமிங்கில எண்ணெய் ஆகிய நான்கும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. எது மலிவோ அது கொப்பரையில் விழும். அண்டார்க்டிகத்தில் நல்ல வேட்டை என்றால் வெப்ப நாடுகளின் எண்ணெய் வித்துகளுக்கும் விலைப் போட்டி மிகும். தென்னந்தோப்புக்காரனும் நீலத் திமிங்கிலமும் ஒருவரை ஒருவர் காணாமலே ஒரே சந்தையில் நின்றனர். முதல் உலகப் போரில் அதே எண்ணெயிலிருந்து பிரித்த கிளிசரின் வெடிமருந்தாயிற்று.

1925-இல் லான்சிங் என்னும் கப்பல், பின்புறத்தில் சறுக்குப் பாதை வைத்துத் திமிங்கிலத்தை முழுதாக மேல்தளத்திற்கு இழுத்தேற்றும் வசதியுடன் புறப்பட்டது. அதற்குப் பின் கரை வேண்டியதில்லை. எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. நடுக்கடலே ஆலை. 1930-31 பருவம் ஒன்றில் மட்டும் தென் துருவக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. உலகம் கண்ட உயிர்களில் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம். தொண்ணூறு அடிக்கு மேல் நீளம், நூறு டன்னுக்கு மேல் எடை. அதன் கன்று தாய்ப்பாலில் ஏழெட்டு மாதம் வளரும். தாய் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே கன்று ஈனும். இத்தகைய உயிரினத்தில் ஓராண்டில் இருபத்தொன்பதாயிரம்! எண்ணெய் அளவுக்கு மிஞ்சிச் சந்தையில் விலை சரிந்ததால், அடுத்த பருவத்தில் கப்பல்கள் பல துறையிலேயே நின்றன. திமிங்கிலத்திற்கு முதலில் இரங்கியது விலைச்சரிவே என்பதை மறைப்பதற்கில்லை.

1931-இல் ஜெனீவாவிலும் 1937-இல் இலண்டனிலும் உடன்படிக்கைகள் எழுந்தன. 1946 டிசம்பரில் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் அனைத்துலகத் திமிங்கில ஆணையம் பிறந்தது. அவ்வாணையத்தின் தொடக்கக்கால அளவுமுறை, அரசியலும் வாணிகமும் கூடினால் கணக்கு எவ்வளவு கோணும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘நீலத் திமிங்கில அலகு’ என்று ஒன்றை வகுத்தனர். ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு துடுப்புத் திமிங்கிலத்திற்குச் சமம். இரண்டரைக் கூனல் திமிங்கிலத்திற்குச் சமம். ஆறு சேய்த் திமிங்கிலத்திற்குச் சமம். எல்லாம் எண்ணெய்க் கணக்கு. ஆண்டுக்கு மொத்தம் 16,000 அலகு. எந்த இனம், யாருக்கு எத்தனை என்ற பகிர்வு இல்லை. ஆதலின் கப்பல்கள் பருவம் தொடங்கியதும் பந்தயம் ஓடின. அருகிவிட்ட நீலத் திமிங்கிலம் கண்ணிற் பட்டால் அதையே முதலில் சுட்டனர்; ஒரே குண்டில் ஒரு முழு அலகு கிடைக்குமன்றோ? காட்டிலாகா ஒருவனிடம், ஒரு யானை அல்லது இரண்டு காட்டெருமை அல்லது ஆறு மான் என்று உரிமம் எழுதிக் கொடுத்தால் என்ன நேருமோ, அதுவே நேர்ந்தது.

இதற்கிடையே விஞ்ஞானிகள் எண்ணிக்கொண்டிருந்தனர். எண் பொறித்த எஃகு முட்களைத் திமிங்கிலத்தின் கொழுப்பிற் பாயும்படி சுட்டுவிடுவர். பின்னொரு நாள் அது வேட்டையாடப்பட்டு ஆலையில் அறுபடும்போது அம்முள் கிடைத்தால், எங்கிருந்து எங்கே சென்றது, எத்தனை ஆண்டு சென்றது என்று தெரியும். 1950-களில் வேறொரு வழியும் கிடைத்தது. சல்லடைத் திமிங்கிலத்தின் காதில் இறுகும் குறும்பி அடைப்பில், மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்குகள் இருந்தன. அவற்றை எண்ணி அகவை கண்டனர். 1960-இல் ஆணையம் வேட்டை நாடுகளைச் சாராத மூன்று கணித வல்லுநரை நியமித்தது: அமெரிக்கரான சாப்மன், நியூசிலாந்தவரான ஆலன், உலக உணவு வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த சிட்னி ஹோல்ட். நீலத் திமிங்கிலத்தையும் கூனல் திமிங்கிலத்தையும் அடியோடு விட்டாலன்றி அவை பிழையா என்று 1963-இல் அவர்கள் கணக்குடன் சொன்னார்கள். கூனல் திமிங்கிலத்திற்கு அவ்வாண்டும், நீலத் திமிங்கிலத்திற்கு 1960-களின் நடுவிலும் தென்கடலில் காப்பு வந்தது.

ஏட்டில் வந்த காப்பு கடலில் வரவில்லை. சோவியத் வேட்டைக் கப்பல்கள் தாம் கொன்றவற்றைக் குறைத்தும் இனம் மாற்றியும் ஆணையத்திற்கு எழுதின. உண்மைக் கணக்கு, அந்நாடு கலைந்த பிறகு, அக்கப்பல்களில் பணியாற்றிய உயிரியலாளர்கள் மறைத்து வைத்திருந்த குறிப்புகளை வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அதில் ஒரு பகுதி நம் வீட்டு வாசலில் நடந்தது. கருங்கடலின் ஒதேசாத் துறையிலிருந்து சூயஸ் கால்வாய் வழியே அண்டார்க்டிகம் செல்லும் ஆலைக் கப்பல்கள் அரபிக்கடலைக் கடக்க வேண்டும். கடக்கும் வழியிலேயே, பெரும்பாலும் 1966 நவம்பரில், ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் கரையோரம் ‘ஸ்லாவா’, ‘சோவியத்ஸ்கயா உக்ரைனா’ என்னும் இரு கப்பல்களின் கூட்டத்தார் 242 கூனல் திமிங்கிலங்களைக் கொன்றனர். உலகின் ஏனைய கூனல் திமிங்கிலங்கள் கோடையில் துருவம் சென்று இரை கொள்பவை. அரபிக்கடலில் வாழும் கூட்டமோ எங்கும் செல்லாது. பருவக்காற்று அடிநீரைக் கலக்கி மேலே கொணரும் சத்தில் செழிக்கும் மீனே அதற்குப் போதும். நம் மலைகளுக்கு மழை தரும் அதே தென்மேற்குக் காற்றுதான் அதற்கும் சோறிடுகிறது. துருவத்திற்குச் செல்லாத அத்திமிங்கிலத்தைத் துருவத்திற்குச் சென்ற கப்பல் கொன்றது. ஓமான் கடலில் பின்னர் எடுத்த கணக்கில் அவை நூற்றுக்கும் குறைவு.

திருப்பம் 1972-இல் ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாட்டில், திமிங்கில வேட்டையைப் பத்தாண்டுகள் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அம்மாநாட்டில் பேசிய தலைவர்களுள் நம் பிரதமர் இந்திரா காந்தியும் ஒருவர். அதே ஆண்டு நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் வழியிலேயே மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1975-இல் வரையாட்டுச் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழையை அணையிட்டு மறிக்க இருந்த திட்டம் பெரும் வாதத்திற்குப் பின் கைவிடப்பட்டு, அமைதிப் பள்ளத்தாக்கு 1984-இல் தேசியப் பூங்காவாயிற்று. மலைக்காட்டுக்காக இங்கு வாதிட்ட அதே ஆண்டுகளில் திமிங்கிலத்திற்கான வாதமும் ஆணையத்தில் நடந்தது. 1979-இல், சிறு தீவு நாடாகிய சேஷல்ஸ் கொணர்ந்த தீர்மானத்தால், தெற்கே 55 பாகை வரையிலான இந்துமாக்கடல் முழுவதும் திமிங்கிலச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. செங்கடலும் அரபிக்கடலும் வங்கக்கடலும் அதனுள் அடக்கம். கடலாழம் முழுவதையும் உட்கொண்ட அச்சரணாலயத்திற்கு வேலியும் இல்லை, காவற்கூண்டும் இல்லை; நாடுகள் தந்த சொல் ஒன்றே வேலி.

இந்தியா 1981-இல் அவ்வாணையத்தில் உறுப்பினராயிற்று. 1982 ஜூலையில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வாணிக வேட்டையை முற்றும் நிறுத்தும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரித்தவை 25 நாடுகள், எதிர்த்தவை 7, விலகி நின்றவை 5. இந்தியாவின் வாக்கு ஆதரவாக விழுந்தது. அவ்வாண்டு ஜனவரியில்தான் முதல் இந்தியக் குழு அண்டார்க்டிகத்தில் கால் வைத்திருந்தது. 1985-86 பருவத்திலிருந்து தடை நடப்புக்கு வந்தது. 1994-இல் தென் துருவக் கடலும் தனிச் சரணாலயமாயிற்று. நார்வே தடையை ஏற்கவில்லை. ஜப்பான் ஆராய்ச்சி என்னும் பெயரில் அண்டார்க்டிகத்தில் வேட்டையைத் தொடர்ந்தது. 2014-இல் அனைத்துலக நீதிமன்றம் அத்திட்டம் ஆராய்ச்சிக்கானதன்று எனத் தீர்ப்பளித்தது. 2019-இல் ஜப்பான் ஆணையத்தை விட்டு விலகித் தன் கடலிலேயே வேட்டை தொடங்கிற்று. ஆனால் அண்டார்க்டிகத்தை விட்டது.

பயன் என்ன? இருபதாம் நூற்றாண்டில் உலகக் கடல்களில் கொல்லப்பட்ட பெருந்திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம் என்று பிற்காலக் கணக்கு சொல்கிறது. அவற்றுள் அம்பர்த் திமிங்கிலம் மட்டும் 7,60,000-க்கு மேல். வேட்டைக்கு முன் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த அண்டார்க்டிக நீலத் திமிங்கிலம், 1970-களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கியிருந்தது. 1990-களின் இறுதியில் அது ஏறத்தாழ 2,300 என்று மதிப்பிட்டனர். இது மீட்சிதான், ஆனால் நூற்றில் ஒரு பங்களவே மீட்சி. தென் அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதிக் கூனல் திமிங்கிலங்கள் அதனினும் வேகமாகப் பெருகின. சில நூறாக இருந்தவை இன்று 25,000 அளவில் உள்ளன. ஒரே தடை, இருவேறு பயன். மெல்லப் பெருகும் இனத்தை ஒழிக்க முப்பது ஆண்டு போதும். மீட்க நூறாண்டும் போதாது.

மீண்டும் ஓர்க்கோலைக்கு வருவோம். 1953-இல் தென் துருவக் கடலில் ‘சதர்ன் ஹார்வெஸ்டர்’ என்னும் ஆலைக் கப்பலில் அறுக்கப்பட்ட ஓர் ஆண் திமிங்கிலத்தின் குடலில், ஏறத்தாழ 420 கிலோ எடையுள்ள அம்பர்க் கட்டி கிடைத்தது. இத்தகைய செய்திகளே கரையில் ஒதுங்குவதைப் பொறுக்குவோனின் ஆசையைக் கிளறுகின்றன. அது தானாக வெளிப்பட்டு மிதந்து வந்த பொருள்தானே, அதை எடுப்பதால் திமிங்கிலத்திற்கு என்ன கேடு என்று சிலர் வாதிடுவர். கேள்வி நியாயம்போலத் தோன்றும். ஆயினும் ஒரு கட்டியைப் பார்த்து, அது அலையில் வந்ததா, அறுத்த வயிற்றிலிருந்து வந்ததா என்று சந்தையில் எவரும் கேட்பதில்லை. உதிர்ந்த தந்தம் என்று சொல்லிக்கொண்டு எத்தனை தந்தங்கள் மலையிறங்கின என்பதைப் பெரியாற்றுப் பிடிகளின் கணக்கு சொல்லும். அதனாற்றான் நம் சட்டம் அம்பர்த் திமிங்கிலத்தை உயர்ந்த காப்புப் பட்டியலில் வைத்து, அதிலிருந்து வரும் பொருளின் வாணிகத்தையும் குற்றமாக்கியது. நறுமணத் தொழிலுக்கு அம்பர் இன்றியமையாததும் அன்று; 1950-லிருந்தே, ஒருவகைச் செடியினின்று எடுத்த சத்தைக் கொண்டு அம்மணத்தைச் செயற்கையாய் ஆக்கும் வழி உண்டு. இயந்திரங்களுக்கிட்ட திமிங்கில எண்ணெய்க்கும் ஹொஹோபா என்னும் பாலைநிலப் புதரின் வித்து மாற்றாயிற்று.

இன்று நம் கடலிலுள்ள அம்பர்த் திமிங்கிலக் குடும்பங்களுக்கு நேரும் இடர் எறியீட்டியால் அன்று, கப்பலால். 1982 முதல் 1984 வரை ‘டுலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள், புதிய சரணாலயத்தில் எவை வாழ்கின்றன என்று காணப் புறப்பட்டனர். திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் அம்பர்த் திமிங்கிலத் தாய்மாரையும் கன்றுகளையும் நீலத் திமிங்கிலங்களையும் பார்த்தனர். இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையை ஒட்டி உலகின் நெருக்கமான கப்பற் பாதைகளுள் ஒன்று செல்கிறது. அங்கேயே நீலத் திமிங்கிலங்கள் இரை மேய்கின்றன. முட்டுண்டு இறந்தவை அக்கரையில் ஒதுங்கின. முகப்பில் சிக்கிய உடலைத் துறை சேரும் வரை அறியாத கப்பலும் உண்டு. பாதையைச் சுமார் பதினைந்து கடற்கல் தெற்கே தள்ளினால் இடர் பெரும்பாலும் நீங்கும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். 2022-இல், உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்களுள் ஒன்று, தன் கப்பல்களை அவ்வாறு விலகிச் செல்லுமாறு பணித்தது.